அக்காவுக்குப் போட்ட தாளம்

பொம்மனஹள்ளி பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுச் சிறுமி ஏதோ முணுமுணுத்தபடி மடியில் தாளம் போட்டாள். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல்.

சின்ன வயதில் ஒக்கலிபுரத்தில் அக்காவும் நானும் ஒன்றாகப் பாட்டு கற்றோம். எனக்கு வாய் திறக்காது, தாளம் தப்பாது. அக்காவுக்கு நல்ல குரல், எண்ணிக்கை நிற்காது. ராமநவமிப் பந்தலில் அவள் முதன்முதலாகப் பாடியபோது, "உன்னப் பாத்துதான் பாடுவேன்" என்று என்னை முன்வரிசையில் உட்காரவைத்தாள். நான் கூச்சத்தில் பாவாடை மடிப்புக்குள் தட்டினேன். கீதத்தின் இரண்டாம் வரியில் தடுமாறியவள், "கையக் காட்டுடி கழுத!" என்று உதட்டை அசைத்தாள். காது சுட, கையை உயர்த்தித் தட்டினேன். அக்கா தாளத்தைப் பிடித்துக்கொண்டு பாடி முடித்துவிட்டாள். பிறகு பானகம் கொடுத்தவரிடம், "இவளுக்கு ரெண்டு டம்ளர் குடுங்க மாமா" என்றாள்.

பஸ் குலுங்கியதில் சிறுமி எண்ணிக்கையை விட்டுவிட்டு முழித்தாள். நான் கைப்பையின் மேல், அவளுக்குத் தெரியும்படி, தட்டத் தொடங்கினேன்.