ஆயுத பூஜையன்று அணைந்த லினக்ஸ்

கீழச்சிவல்பட்டியில் பஸ் ஏறினால் காரைக்குடியில் இறங்கும் வரை நான் வாய்க்குள் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே வருவேன். ஒருநாள் பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் என்னைப் பெரிய பக்தை என்று முடிவு செய்து, "எந்தச் சாமி சுலோகம் தாயி? எனக்கும் சொல்லிக் குடேன்" என்று கேட்டுவிட்டார். சுலோகமாவது மண்ணாவது. அன்றைக்கு லினக்ஸ்காரரை எப்படி மடக்குவது என்று நான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு வேலை. மாடியில் ஒரே கூடம், நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் விண்டோஸ் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் நான். அந்தப் பக்கம் காலேஜ் பிள்ளைகளுக்கு புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கும் சார் அவர், காளையார்கோவில்காரர். கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சிடியை எடுத்துத் தன் மிசினில் விண்டோஸுக்குப் போட்டியான லினக்ஸை ஏற்றினார். அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டார். புது மாப்பிள்ளைக்குக்கூட முகத்தில் அப்படி ஒரு களை இருக்காது.

நான் அவரை சார் என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. சண்டை மட்டும் தடுப்புக்கு மேலே பறந்துகொண்டிருக்கும்.

"டீச்சர், உங்க பக்கம் மறுபடியும் நீலமா?" என்பார். என் மிசின்களில் ஏதாவது ஒன்று திடீரென்று நீலத் திரையைக் காட்டி உறைந்துவிடுவது உண்டு. அந்த நீலம் தடுப்பைத் தாண்டி அவருக்கு எப்படித்தான் தெரியுமோ, மூக்கில் வியர்த்துவிடும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மிசினை அணைத்துப் போடுவேன்.

எனக்கும் நாள் வரும். மகனைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டு அவனுக்கு ஈமெயில் போட எங்கள் சென்டருக்கு வரும் ஆச்சி ஒருவர் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர், எதையும் பட்டென்று சொல்லிவிடுவார். ஒருநாள் என் மிசின்கள் எல்லாம் நிறைந்திருந்ததால் அவருடைய கடிதம் ஒன்றை லினக்ஸில் அடித்து அச்செடுத்துக் கொடுத்தார் சார். முதல் வரி ஒழுங்காக இருந்தது. இரண்டாவது வரி, முதல் வரி முடிந்த இடத்துக்கு நேர் கீழே தொடங்கியது. மூன்றாவது வரி பேப்பரை விட்டே போய்விட்டது.

"என்ன தம்பி, கடுதாசி மாடிப்படி இறங்குது?" என்றார் ஆச்சி.

நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தேன். அடுத்த ஒரு வாரம் எங்கே பார்த்தாலும் "பாத்து சார், படி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஃப்ளாப்பி விவகாரம் இன்னும் பெரியது. விண்டோஸில் ஃப்ளாப்பியைச் சொருகினோமா, வேலையை முடித்தோமா, உருவினோமா என்று போய்க்கொண்டே இருக்கலாம். அவருடைய லினக்ஸில் ஃப்ளாப்பி வந்திருக்கிறது என்று முதலில் மிசினுக்குச் சொல்ல வேண்டும். உருவும்போது, இதோ கிளம்புகிறது என்றும் சொல்லிவிட்டுத்தான் உருவ வேண்டும். சொல்லாமல் உருவினால் எழுதியது காற்றோடு போய்விடும்.

"சாதாரண சனங்க இதையெல்லாம் செய்வாகளா சார்? கடைக்காரவுக, வீட்டுப் பொம்பளைக, இவுகளுக்கு இது ஆகுற கதையா?" என்று பிடித்தேன். பஸ்ஸில் நன்றாக ஒத்திகை பார்த்த கேள்வி.

அவர் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார். "டீச்சர், நம்ம ஊருல யாராச்சும் சொல்லாமக் கொள்ளாம ஒரு வீட்டை விட்டுக் கிளம்புவாகளா? வாசல்ல நின்னு போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தானே போறம். போறேன்னு மொட்டையாச் சொன்னாலே அடிக்க வருவாக. மனுசருக்கு உள்ள மருவாதிய ஃப்ளாப்பிக்குக் குடுத்தா என்ன குறைஞ்சுபோச்சு?"

கீழச்சிவல்பட்டி வரை பஸ்ஸில் அதற்குப் பதில் தேடிக்கொண்டே போனேன். அன்று இரவு சாப்பிடும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டதைப் பார்த்து அம்மா ஒரு மாதிரியாக முறைத்தார்.

அவருடைய பெருமையெல்லாம் ஒரே விஷயத்தில் இருந்தது. அவருடைய மிசின் அணைவதே இல்லை. சித்திரையில் எழுப்பியது, ஆவணி முடிந்தும் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக விழித்திருக்கிறது என்று அதுவே கணக்குச் சொல்லும். தினமும் காலையில் வந்ததும் அந்தக் கணக்கைச் சத்தமாக வாசிப்பார். கரண்ட் போனால் கூத்துதான். யுபிஎஸ் பேட்டரி தன் ஒரு மிசினுக்கு மட்டும் போக வேண்டும் என்று ஓடி வந்து என் பக்கத்து வயரையெல்லாம் பிடுங்குவார். நான் அவர் கையைத் தட்டிவிடுவேன். கீழேயிருந்து முதலாளி, "அடேய், ஜெனரேட்டரப் போட்டுட்டேன், சண்டைய நிறுத்துங்க" என்று கத்துவார்.

முதலாளி மலேசியாவில் பல வருடம் கடை வைத்திருந்து திரும்பிய முஸ்லிம் வியாபாரி. கம்ப்யூட்டரைப் பற்றி எதுவும் தெரியாது, வியாபாரத்தைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது. புரட்டாசியில் ஒருநாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"விஜயதசமிக்குப் புது வகுப்பு ஆரம்பிக்கிறேன். கடைக்காரவுக, வீட்டுல இருக்கவுக, ரிட்டயரானவுக, இவுகளுக்குத்தான். புது மிசின் வருது. எல்லா மிசின்லயும் ஒன்னுதான் இருக்கணும். ஒரு கடையில ரெண்டு தராசு ஆகாது. விண்டோசா, லினக்சா?"

இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். அவர் கையைக் காட்டி அடக்கினார். "நீங்க சொல்லவே வேணாம், கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. விஜயதசமிக்குச் சேர வாரவுகள ரெண்டுலயும் உட்கார வச்சுப் பாப்பம். அவுக எதச் சொல்றாகளோ அதுதான்."

"விண்டோஸ்னு ஆச்சுன்னா நான் சென்னைக்குப் போயிருவேன் முதலாளி" என்றார் சார். "அங்குட்டு ஒரு கம்பெனியில லினக்ஸ் தெரிஞ்ச ஆளு வேணுமாம். கூப்பிட்டுக்கிட்டே இருக்காக."

அப்பாடா, நிம்மதி என்றுதான் முதலில் நினைத்தேன். பஸ் ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல வாயைத் திறந்தேன். முணுமுணுக்க ஒன்றுமே வரவில்லை. இந்த மனிதர் போய்விட்டால் நான் யாரை மடக்க பஸ் ஏறுவேன்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அந்த முடிவில்லாத லினக்ஸ் புராணத்தோடு சேர்த்தே பிடித்திருந்தது.

அப்படியானால் நான் தோற்க வேண்டும். ஆனால் தோற்பதற்கு என் வாய் ஒத்துழைக்காது. அவர் ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்லிவிட்டுப் பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்வேன். ஜெயித்துத் தொலைத்துவிடுவேனோ என்று பயந்துகொண்டே ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. கூடத்தைக் கழுவி, மானிட்டர்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, கீபோர்டுகளை வரிசையாக அடுக்கிப் பூப் போட்டேன். முதலாளி, "உங்க வழக்கத்த நல்லாச் செய்யுங்க தாயி, சுண்டல்ல மட்டும் எனக்குப் பங்கு கூட வேணும்" என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். என் மிசின்கள் எல்லாம் அணைந்திருந்தன. சாருடையது மட்டும் நெற்றியில் குங்குமத்தோடு உறுமிக்கொண்டிருந்தது.

"சார், பூஜையில வச்ச ஆயுதம் நாளைக்குக் காலையில வரைக்கும் ஓய்வெடுக்கணும். அணைங்க."

"இது ராப்பகலா ஓடுற சர்வர் மிசின் டீச்சர். சித்திரையில இருந்து ஒரு தடவகூடக் கண்ண மூடல. ஒரு நா பூசைக்காக அந்தக் கணக்க அழிக்கச் சொல்றீகளா?"

முதலாளி சுண்டலை மென்றுகொண்டே, "தம்பி, நோன்பு மாசத்துல நாங்க வயித்துக்கே ஓய்வு குடுக்குறம். மிசினுக்கு ஒரு ராத்திரி குடுத்தா கெட்டா போகும்?" என்றார். அதற்கும் சார் மசியவில்லை. விமானம், ஆஸ்பத்திரி, ரயில் சிக்னல் என்று அணையாத மிசின்களின் பட்டியலை எடுத்துவிட்டார். அவை ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது வேறு.

"எனக்காக அணைங்களேன்."

ஒத்திகை பார்க்காத வார்த்தை. முதலாளி மெல்லுவதை நிறுத்திவிட்டார். சார் என்னைப் பார்த்தார், மிசினைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து எதையோ அடித்தார். அந்த உறுமல் மெல்ல இறங்கி நின்றது. நான் பொரித் தட்டை எடுத்துக்கொண்டு படியில் இரண்டிரண்டாகக் குதித்து இறங்கி, கீழே கடைத்தெருவில் முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் பொரி கொடுத்தேன்.

விஜயதசமி காலையில் கூடம் நிறைந்துவிட்டது. முன்னால் ஆச்சி. என் மிசின் டடாங் என்று தன் இசையைப் போட்டு விழித்துக்கொண்டது. சாருடையது எல், ஐ என்று இரண்டே எழுத்தைக் காட்டிவிட்டு நின்றது. மறுபடி அணைத்துப் போட்டார். மறுபடியும் அதே இரண்டு எழுத்து.

அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. இடையில் எப்போதோ லினக்ஸின் உள்ளே எதையோ புதிதாக மாற்றி வைத்திருக்கிறார். மாற்றியதை, மிசினை எழுப்பிவிடும் புரோகிராமுக்குச் சொல்ல மறந்திருக்கிறார். தூங்கினால்தானே எழுப்ப வேண்டிவரும்? அது தூங்கவே இல்லை, அதனால் மறந்ததும் தெரியவே இல்லை.

"சரி தம்பி, விடுங்க. எந்திரிக்காத மிசின வச்சு எப்படிப் பாடம் நடத்துறது? விண்டோஸே இருக்கட்டும்" என்றார் முதலாளி. ஆச்சியும், "எனக்கும் அதுதான் சரி. சீட்டாட்டம் அதுலதான் இருக்கு" என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன். அழுகைதான் வந்தது.

சார் தன் லினக்ஸ் சிடியைப் பையில் வைத்தார். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ, பையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் மிசினில் போட்டேன். அவரை மடக்குவதற்காகவே அந்தப் பத்திரிகையை நான் வரி விடாமல் படித்திருந்தேன். எழாத லினக்ஸை எழுப்புவதற்கு, விண்டோஸிலிருந்தே ஒரு ஃப்ளாப்பி தயார் செய்யலாம் என்று அதில் இருந்தது. புது ஃப்ளாப்பியைச் சொருகினேன். அது கரகரவென்று எழுதி முடிக்கும் வரை அத்தனை பேரும் மூச்சு விடாமல் நின்றார்கள். அதைக் கொண்டுபோய் அவர் மிசினில் போட்டேன். வரி வரியாக எழுத்து ஓடியது. லினக்ஸ் கண் விழித்தது. முதலாளி "மாஷா அல்லாஹ்" என்றார்.

சார் மறந்ததைச் செய்து முடித்தார். விழித்திருக்கும் கணக்கு அன்றைக்கு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தது. அதை அவர் வாசிக்கவில்லை.

"உங்க விண்டோஸ்தான் இத எழுப்பிவிட்டுச்சு டீச்சர்" என்றார் மெதுவாக. "சனங்களுக்கு விண்டோஸே இருக்கட்டும். நீங்க சொன்னதுதான் சரி. நான் கிளம்புறேன், போறேன்."

"போறேனா?" என்று கத்திவிட்டேன். கூடமே திரும்பிப் பார்த்தது. "ஃப்ளாப்பிக்குக்கூடச் சொல்லிக்கிட்டுத்தான் போகணும்னு எனக்குப் பாடம் எடுத்த ஆளு நீங்க. மொட்டையாப் போறேன்னு சொல்றீக!"

அவர் படிக்கட்டில் நின்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எத்தனையோ மாதம் கழித்து முதல் தடவையாக, எதிர்வாதம் எதுவும் இல்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சரி. போயிட்டு வாரேன்."

"எங்குட்டு? சென்னைக்கா?"

"காளையார்கோவிலுக்கு."

"அங்குட்டு எதுக்கு?"

"எங்க அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கிட்டு வரணும்ல" என்றார். "கீழச்சிவல்பட்டிக்குக் கடைசி பஸ்ஸு எத்தனை மணிக்கு டீச்சர்?"