சோக்கை இழுத்த மத்தியானம்

ஏர் ஃபில்டரின் மூடியைக் கழற்றிக் கார்புரேட்டருக்குள் டார்ச் அடித்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. சாவி என் சட்டைப்பையில். ஆனாலும் உள்ளே பெட்ரோல் சூட்டில் கொதித்து, கேட்பாரில்லாமல், எஞ்சினுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். அத்தை சொன்னது இதைத்தான். எனக்குப் புரிய நான்கு வருடம் ஆயிற்று.

இந்தப் பழைய கார் அத்தையுடையது. கரமனையில் எங்கள் தெருவில் முதலில் கார் ஓட்டிய பெண் அவள். சூடாக இருக்கும்போது அணைத்தால் வண்டி அரைமணி நேரம் கிளம்பாது. அத்தை அதற்கேற்ப வாழப் பழகியிருந்தாள். சாலைக் கடைத்தெருவில் எஞ்சினை ஓடவிட்டே இறங்குவாள், காவலுக்கு நான். பெட்ரோல் பங்கில் அணைத்தே ஆகவேண்டும் என்பதால், விடிகாலையில் வண்டி சூடேறுமுன் வீட்டுப் பக்கத்திலேயே நிரப்பிவிடுவாள். "அதுக்குக் கோபம் வந்தா நாம பேசாம இருக்கணும், கேட்டியா" என்பாள்.

அந்த மத்தியானம் பேசாமல் இருக்க முடியவில்லை. அத்தையும் அவள் அக்காவான பெரியத்தையும் ஒரு கல்யாணத்தில் மனம் முறிந்து ஏழு வருடம் பேச்சில்லாதவர்கள். நாகர்கோவில் ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவின் மகள் போன் செய்தாள்: "சித்தி, அம்மா உன்னையே கேக்கறா. ஓடி வா."

நெய்யாற்றின்கரை தாண்டியதும் பெட்ரோல் முள் விழுந்துவிட்டது. பங்கில் நிரப்பிவிட்டுச் சாவியைத் திருப்பினால், எஞ்சின் சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. நான் அப்போது மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தள்ளியவன்.

"வெயில்ல பெட்ரோல் ஆவியாயிடுத்து அத்தை. எஞ்சினுக்குப் போகலை. சோக்கை இழு."

"போகலைன்னா எப்படிடா இந்த மணம் மணக்கும்?"

"பெட்ரோல் பங்குல பின்ன சந்தனமா மணக்கும்?"

அந்தப் பதற்றத்திலும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த சோக் குமிழை இழுத்தாள். பேட்டரி சாகும்வரை நான் விடவில்லை. பங்கில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர், "அக்கா, பின்னால பத்து வண்டி நிக்கி" என்றார். பிறகு என்னிடம், "தம்பி இஞ்சினீயரா? அப்பம் வண்டியைத் தள்ளும்."

வண்டியை ஓரமாகத் தள்ளி விட்டுவிட்டு, கிடைத்த பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தோம். பெரியத்தையின் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

அத்தை என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அதற்குப்பின் அவள் ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. சென்ற வருடம் அவளும் போனாள். புது பேட்டரி போட்டு வண்டியை நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பொறி நன்றாகவே அடிக்கிறது. ஆனால் பிளக் தொப்பலாக நனைந்திருக்கிறது. அன்றைக்கும் பெட்ரோல் குறையவில்லை, மூச்சு முட்டும் அளவுக்கு மிகுந்துதான் போயிருக்கிறது. சோக் பெட்ரோலைக் கூட்டுவதற்காக வருகிற காற்றையும் அடைக்கும். மூழ்கிக்கொண்டிருந்தவனின் வாயைப் பொத்தச் சொல்லியிருக்கிறேன். சோக்கை விட்டுவிட்டு, காற்று நிறையப் புகும்படி ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்துச் சாவியைத் திருப்ப வேண்டும். இவ்வளவுதான் வைத்தியம் என்று நினைக்கிறேன். வீட்டு வாசலில் செய்துபார்க்க மனம் வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் அதே பங்குக்குப் போகிறேன். பெட்ரோல் நிரப்பி, பணம் கொடுத்து, அன்று நின்ற அளவே நின்று, சோக்கைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பிடித்துச் சாவியைத் திருப்பப்போகிறேன். பிடிக்காவிட்டால் வேறு காரணம் தேடலாம். பிடித்துவிட்டால், அன்றைக்கும் பிடித்திருக்கும்.