ரோலர் அச்சுக்குத் தேங்காயெண்ணெய்

அப்புத்தளை மலைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், அதுதான் ஃபேக்டரியில், நான் எண்ணெய்க்காரன். இலை அரைக்கும் ரோலர்களின் அச்சுக்கு விளக்கெண்ணெய் ஊற்றுவது வேலை. குளிரில் அது கொழகொழக்கும், உறையாது. அச்சுக்கு அது போதும்.

உதவி மேனேஜராகப் புதிதாக வந்த சின்னதுரைக்குப் போதவில்லை. தேங்காயெண்ணெய் இன்னும் இளக்கம், ரோலர் லேசாகச் சுற்றும் என்றார். அளந்து பார்த்தாராம். அளந்தது பங்களாவில், கணப்புப் பக்கத்தில். அடியில் ஓட்டை போட்ட தகரக் குவளையில் எண்ணெயை ஊற்றி, ஒழுகி முடிய எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்த்தார். குவளையைப் பிடித்தவன் நான். நல்ல சூட்டில் ஒரு தடவை, இளஞ்சூட்டில் ஒரு தடவை. கடுதாசியில் இரண்டு புள்ளி வைத்துக் கோடு கிழித்து, அதைக் குளிர் வரைக்கும் நீட்டிவிட்டார். விடியற்காலையில் எண்ணெய் எப்படி ஓடும் என்று அந்தக் கோடு சொல்லுமாம்.

ஒரு சிரட்டையில் ஊற்றி ராத்திரி வெளியே வைத்திருந்தால் கோடே வேண்டாம். தொழிலாளர் லயத்துப் பெண்கள் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்ப் போத்தலைக் காலையில் அடுப்போரம் வைத்துத்தான் எடுப்பார்கள். அதைச் சொன்னேன். நீ எந்தப் பள்ளிக்கூடம் என்று துரை கேட்டார். பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை சிரித்தார். சிரிப்பதற்கும் சேர்த்துத்தான் அவருக்குச் சம்பளம்.

சாயங்காலமே அச்சுக் கிண்ணங்களில் தேங்காயெண்ணெய் நிரப்பச் சொன்னார்கள். நிரப்பினேன். காலையில் பார்த்தால் மெழுகு மாதிரி வெள்ளையாக நின்றது. கணக்கப்பிள்ளையிடம் காட்டினேன். துரை உத்தரவு, ஓட்டு என்றார். ஓட்டினோம். முதல் ரோலரின் அச்சு புகைந்து தேய்ந்து நின்றது.

துரை வந்தார். "நீ எண்ணெய் போடல்லே. கணக்கப்பிள்ளை, இவன் பேர் வெட்டு."

பேர் வெட்டினால் வேலையோடு, குடியிருக்கிற லயத்துக் காம்பிராவும் போகும். மனைவிக்கு அப்போது எட்டு மாதம்.

இன்னும் ஓட்டாத ஒரு ரோலரின் கிண்ணத்தைக் கழற்றி நீட்டினேன். "தொரைங்களே, கவுத்துப் பாருங்க."

கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. எண்ணெய் வாங்கிய பதுளைக் கடை முதலாளி கொழுப்பைக் கலந்து விற்றிருக்கிறான் என்றார். கோடு தப்பு என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

"கொழுப்புத்தாங்க தொரை, வாடையே அடிக்குது" என்றார் கணக்கப்பிள்ளை. அது நல்ல எண்ணெய்.

என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க" என்றேன்.

என் பேர் வெட்டுப்படாமல் நின்றது. எண்ணெய்த் தகரங்களைக் கடைக்குத் திருப்பி அனுப்பினார்கள். வண்டியில் ஏற்றியதும் நான்தான். என்ன குறை என்று வண்டிக்காரன் கேட்டான். தெரியாது என்றேன்.