அப்பா கூட்டிச் சொன்ன ஐந்து வயது

என் அப்பா கூட்டிச் சொன்ன ஐந்து வயது என்னோடு கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. அது எனக்கே மறந்து போயிருந்தது.

இலங்கையில், மலைநாட்டுத் தோட்டம் ஒன்றில், எனக்குப் பதினொரு வயது நடக்கும்போது அப்பா என்னை ஆபீஸ் கிளாக்கரய்யா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். சிறு பிள்ளைகளுக்கு அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். பெரியாளுக்குத்தான் முழுப் பேர். நான் கொஞ்சம் வளர்த்தி. "பதினாறு முடிஞ்சிருச்சுங்க" என்று அப்பா கூசாமல் சொன்னார்.

கிளாக்கரய்யா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மீசையக் காணோமே?"

"நாளைக்கு மொளச்சிரும்ங்க."

அவர் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டார். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அப்பாமேல் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் ஆறு வயிறு. அந்த வயதுதான் பிறகு பிரஜாவுரிமை மனுவில் ஏறியது, அதிலிருந்து பாஸ்போர்ட்டில் ஏறியது.

புல் வெட்டினேன், தேயிலைச் செடியைக் குட்டையாக நறுக்கிவிடுகிற கவ்வாத்து வெட்டினேன். கல்யாணமான பிறகு கங்காணியானேன். முப்பது பெண்கள் கொழுந்தெடுக்க, பின்னால் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றவன் நான். பெண் பிள்ளை பிறந்து மூன்று வருஷம். அதற்குள் நாட்டை விட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் தேவாலாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வந்து விழுந்தோம். வந்த எங்களில் பத்துப் பேர் கங்காணிகள். அத்தனை பேருக்கும் கங்காணி வேலைக்கு எங்கே போவார்கள்? மறுபடி கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தேன். முதல் நாள் வெட்கமாக இருந்தது. பிள்ளையாரை நினைத்துக்கொண்டு வெட்டினேன்.

பதினைந்து வருஷம் அப்படி ஓடியது. தேவாலா மழையில் என் வீட்டுக்காரிக்கு மூச்சிழுப்பு நோய் வந்து, அவள் வேலையை விட்டுவிட்டாள். எனக்கு இன்னும் வேலை பார்க்கக் காலம் இருக்கிறதே என்ற தைரியம்தான். மகள் கூடலூருக்கு பஸ்ஸில் போய்ப் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து அந்த வகுப்புக்குப் போன முதல் பிள்ளை. டீச்சராக வேண்டும் என்பாள். ஒரு தை மாதத்தில் ஆபீசிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

ஆபீஸ் கிளார்க் கோயமுத்தூர்க்காரர், நல்ல மனுஷர். "ஏனுங்க, இந்த மாசத்தோட உங்களுக்கு அம்பத்தெட்டு முடியுதுங்க. உங்க பேருக்குப் பதிலா ஊட்டுல இருந்து யாராச்சும் வேலைக்குப் பேர் குடுக்கோணும். இல்லீன்னா லயத்து ஊட்டை வேற குடும்பத்துக்குக் குடுத்துருவாங்க."

"எனக்கு அம்பத்தி மூணுதாங்கய்யா. எங்கப்பா அஞ்சு வயசு கூட்டிச் சொல்லிட்டாருங்க."

"சாட்சி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "நான் பொறந்த வருசம் எங்க தோட்டத்துல மண்ணு சரிஞ்சு ஒரு லயமே போயிருச்சுன்னு எங்கம்மா சொல்லும்ங்க."

"அப்ப அந்த மண்சரிவைக் கூட்டிட்டு வந்து சாட்சி சொல்லச் சொல்லுங்க" என்றார். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அங்கே வேறென்ன செய்வது? பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க நல்லதுக்குச் சொல்றனுங்க. பாஸ்போர்ட்டுல இருக்கற வயசு பொய்யின்னு நீங்களே எழுதிக் குடுத்தா, மத்ததெல்லாம் நெசமான்னு கேப்பாங்க. அப்புறம் நீங்க எந்த ஊர்க்காரருன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அந்த நாட்களில் இன்னும் கப்பல் வந்துகொண்டிருந்தது. புதிதாக வந்த இரண்டு குடும்பங்கள், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற காம்பராவில் தகரப் பெட்டிகளை அடுக்கிவைத்துக்கொண்டு வீட்டுக்காகக் காத்திருந்தன. அவர்கள்மேல் கோபப்பட முடியுமா? அதே மாதிரிதான் நாங்களும் வந்து நின்றோம்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி இழுப்புக்கு நடுவில், "மாமா செத்து இருவது வருசமாச்சு. இன்னும் வேல பாக்குறாரு பாருங்க" என்றாள். மகளுக்கு அந்த மார்கழியில்தான் பதினெட்டு முடிந்திருந்தது. அவள் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு எதையும் தனியாக முடிவு பண்ணிப் பழக்கமில்லை. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக் கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் படிக்கட்டும், சிவப்பு வந்தால் வேலைக்குப் போகட்டும். கும்பிட வந்த ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னேன். பிரித்துப் பார்த்தேன். வெள்ளை.

ஆத்தா தெளிவாகச் சொல்லிவிட்டாள். அந்தப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு கோயில் வாசலிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். படிக்கச் சொன்னவள், எந்த வீட்டில் இருந்துகொண்டு படிப்பது என்று சொல்லவில்லை. இப்படி நினைத்ததற்கு அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இழுப்புக்காரியையும் வயசுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு அந்த மலையில் எங்கே போவேன்?

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள். "ஆத்தா என்னாப்பா சொல்லுச்சு?"

"ஒண்ணும் வெளங்கலம்மா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரி விடுங்க. நானே பேர் குடுத்துர்றேன்."

மாதக் கடைசியில் என் பேரை வெட்டி, அவள் பேரை எழுதினார்கள். அதன் பிறகு நான் வீட்டு ஆளானேன். விடியற்காலையில் எழுந்து தேத்தண்ணி போட்டு, சோறு வடித்து, அவளைப் பெரட்டுக்கு அனுப்புவேன். பெரட்டு என்றால் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். பள்ளிக்கூட பஸ்ஸும் அந்த நேரத்துக்குத்தான் அந்த வழியாகப் போகும். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பங்குனியில் பரீட்சை வந்தது. பணம் முன்பே கட்டியிருந்ததால் வந்து எழுதட்டும் என்று டீச்சர் ஆள் விட்டார். ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் மூன்று மாதம் லீவே கிடையாது. நான் மேஸ்திரியிடம் போய் நின்றேன். "ஆறு நாளுங்க. அந்த ஆறு நாளும் புள்ளைக்குப் பதிலா நான் கொழுந்து எடுக்கிறேன். பேர் அவ பேர்லயே இருக்கட்டும்."

"பெரியவரே, உமக்கு வயசாயிருச்சு. மலையில விழுந்து தொலைச்சா நானில்ல பதில் சொல்லணும்?"

அவருக்கு என்னைவிட இரண்டு வயது கூட. சொல்லி என்ன பயன்?

பரீட்சையின் முதல் நாள் நான் சோறு கொண்டுபோனேன். மகள் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு நடு மலையில் நின்றிருந்தாள். விரல்களில் கறை ஏறியிருந்தது. கீழே இறங்கி வந்து கை கழுவினாள்.

"மணி என்னாப்பா?"

"ஒண்ணு அடிக்கப் போவுது."

"அப்ப இந்நேரம் பேப்பருக்கு நூல் கட்டிக்கிட்டு இருப்பாளுக" என்றாள். பிறகு சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்து, "உப்பு போடலியாப்பா?" என்றாள்.

போட மறந்துவிட்டேன். அவள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு மேலே ஏறிப் போனாள்.