லாவ் தாங் கிழங்கு வண்டியில் ஏறிய நாள்

முப்பத்தொரு வருஷம் டாக்ஸி ஓட்டிய மனுஷனோடு குடித்தனம் நடத்துவது எப்படியென்று என்னைக் கேளுங்கள். அடுத்தவன் ஓட்டும் வண்டியில் அவரால் உட்காரவே முடியாது. பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "பிரேக்கு, பிரேக்கு" என்று முணுமுணுப்பார். எங்கள் மாப்பிள்ளை ஆசை ஆசையாகப் புதுக் கார் வாங்கி, முதல் சவாரிக்கு மாமனாரைத்தான் அழைத்துக்கொண்டு போனான். மனுஷன் பாதி வழியில் இறங்கி நான்கு கிலோமீட்டர் நடந்தே வீட்டுக்கு வந்தார். "அவன் வண்டியா ஓட்டுறான்? மாவு பிசையுறான்!" என்றார்.

பெயர் தாங் போஷெங். எங்கள் வூஹானின் ஹன்யாங் பகுதியில் எல்லாருக்கும் லாவ் தாங், அதாவது தாங் பெரியவர். நான் யின்தி, அவர் பெண்டாட்டி. பஞ்சாலையில் தறிச் சத்தத்துக்கு மேலே இருபது வருஷம் கத்திப் பழகிய தொண்டை எனக்கு. ஏற்கெனவே எங்கள் வூஹான்காரர்கள் "சாப்பிட்டியா?" என்று கேட்டாலே வெளியூர்க்காரன் சண்டைக்கு வருகிறார்கள் என்று நினைப்பான். எங்கள் வீட்டில் பாதி சண்டை கீழ்மாடிக்காரர்களுக்கு மனப்பாடம்.

குறை சொல்கிறேனே தவிர, அவர் தங்கமான டிரைவர். சீட்டுக்குப் போடும் வெள்ளை உறையை ஞாயிற்றுக்கிழமைதோறும் தானே துவைப்பார், என்னைத் தொட விடமாட்டார். பிரசவ வலியோடு வந்த ஏழு பெண்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். எட்டாவது பெண் அவர் பின்சீட்டிலேயே பெற்றுவிட்டாள். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு உயிருக்கும் கீறல் விழுந்ததில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழ்ந்துவிடும், அவ்வளவு பெருமை.

அப்படிப்பட்ட மனுஷன் இருக்கும் தெருவுக்குத்தான் ஆளே இல்லாமல் ஓடும் டாக்ஸிகள் வந்து சேர்ந்தன. ஸ்டியரிங் தானாகச் சுற்றும், சீட்டில் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். நூறடி தள்ளி நாய் வாலாட்டினாலும் நின்றுவிடும். எங்கள் ஊரில் மண்டூகத்தைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்போம். லாவ் தாங் அந்த வண்டிகளுக்குக் கிழங்கு என்று பெயர் வைத்தார், அதுவே எங்கள் குடியிருப்பில் நிலைத்துவிட்டது.

சீட்டாடும் மேஜையில் வேறு பேச்சே கிடையாது.

"பேய் ஓட்டுற வண்டியில நான் ஏறமாட்டேன்டியம்மா" என்பாள் மேல்வீட்டு ஃபான்.

"பேய் தேவல. குடிக்காது, போன் பேசாது, ஜன்னல் வழியா எச்சி துப்பாது" என்பார் பல் வைத்தியர் மாவ்.

லாவ் தாங்குக்கு மூக்கு சிவந்துவிடும். "ஏன்யா மாவ், ரோட்டுல ஒருத்தன் எந்தப் பக்கம் திரும்பப் போறான்னு அவன் தோளைப் பாத்தே நான் சொல்லுவேன். அந்தக் கிழங்குக்குத் தெரியுமா? உசிரு இல்லாததுக்கு உசிரோட அருமை என்னய்யா தெரியும்?"

கேட்க நன்றாகத்தான் இருக்கும். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

ஆனால் போன வசந்தத்தில் டாக்ஸியின் இடது பக்கப் பின்பார்வைக் கண்ணாடி உடைந்தது, எங்கள் ஊரில் ஸ்டியரிங் இருக்கும் பக்கம் அதுதான். எவனோ இடித்துவிட்டுப் போய்விட்டான் என்றார். மாற்றிய மூன்றாவது வாரம் மறுபடி உடைந்தது. வீட்டிலும் இடது கைப்பக்கம் வைத்த சூப் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, "இத யாருடி இங்க வச்சது?" என்று என்மேல் பாய்ந்தார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு நிலையைத் திட்டினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை. நான் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு ஒரு காலையில் நின்றுபோனது. பேத்தி தாவ்தாவுக்கு ஐந்து வயது. மகள் வென்ச்சி ஏழு மணிக்கே பார்சல் ஆபீசுக்கு ஓடிவிடுவாள், அதனால் குழந்தையைப் பாலர் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது தாத்தாவின் டாக்ஸிதான். அன்று நானும் கூடப் போனேன். ஹான் ஆற்றுப் பாலம் தாண்டியதும் இடது பக்கமாக ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்தாள். எனக்கு அவளைத் தூரத்திலேயே தெரிந்தது. இவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. நான் தறிக்கொட்டகைக் குரலில் அலறினேன். வண்டி அவள் பாவாடையை உரசுகிற மாதிரி நின்றது.

"பூமிக்குள்ள இருந்தாம்மா முளைச்ச?" என்று அவளைப் பார்த்து இவர் கத்தினார். நடிப்பில்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அவள் வந்தது அவருக்குத் தெரியவே இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து, "யோவ், கண்ணைக் காட்டுவோம்யா" என்றேன். டிரைவர்களுக்கு வருஷா வருஷம் நடக்கும் உடல் பரிசோதனைத் தாளை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார். இரண்டு கண்ணுக்கும் ஐந்து புள்ளி பூஜ்யம், அதாவது குறையே இல்லாத பார்வை, சிவப்பு முத்திரையோடு. "கடைசி வரிசை வரைக்கும் படிச்சேன். உனக்குக் கண்ணாடி இல்லாம ஊசியில நூல் கோக்க முடியுமா? என் கண்ணப் பத்திப் பேச வந்துட்டா!"

தாளில் முத்திரை இருக்கும்போது நான் என்ன பேசுவது? மகளிடம் சொன்னால் குழந்தையை அவரோடு அனுப்பமாட்டாள். அதைவிடக் கேவலம் அவருக்கு வேறில்லை. சொல்லாவிட்டால் குழந்தை முன்சீட்டில். யாராவது இடது பக்கத்திலிருந்து வந்தால்? இரண்டு மாதம் தினமும் ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு நானும் ஏறினேன். காய்கறி வாங்கணும், தங்கச்சியைப் பார்க்கணும். பின்சீட்டில் உட்கார்ந்து, "இடது பக்கம் ஸ்கூட்டர்! இடது பக்கம் கிழவர்!" என்று கத்திக்கொண்டே போவேன். அவர் என்னைத் திட்டிக்கொண்டே ஓட்டுவார். நான் இறங்கியபிறகு மாலை ஐந்து மணிவரை அவர் யார் யாரை ஏற்றிக்கொண்டு எங்கெங்கே போகிறாரோ என்று, வீட்டில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். என் இளைப்பைப் பார்த்து ஃபான், "டயட்டாடி?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ஜூன் மாதத்தில் மூன்றாவது தடவையாக அந்தக் கண்ணாடி போனது, இந்த முறை கதவும் நசுங்கியது. அவருக்கு மாற்று ஷிப்ட் ஓட்டும் ஹோங் வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டான். மறுநாள் காலை பேய் மழை. வூஹானில் மழை பெய்தால் டாக்ஸி கண்ணில் படாது. பாலர் பள்ளியில் அன்று தாவ்தாவின் நடனம் வேறு. முயல் காது மாட்டிக்கொண்டு வாசலில் நின்று அழத் தொடங்கினாள்.

நான் போனில் கிழங்கைக் கூப்பிட்டேன். ஐந்து நிமிஷத்தில் வரும் என்றது.

"பச்சப் புள்ளைய அந்தப் பேய்கிட்டயா குடுக்கப்போற?" என்று குதித்தார்.

"நீ வீட்டுல இரு. நாங்க போறோம்."

"போய்ச் சாவுங்க!" என்று சொன்னவர் குடையை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் படியிறங்கினார். "நானும் வரேன். அது கோளாறு பண்ணுனா ஸ்டியரிங்கைப் பிடிக்க ஒருத்தன் வேணாமா?"

வண்டி கேட்டருகே வந்து நின்றது. கதவில் போன் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை அழுத்தினேன், திறந்துகொண்டது. இவர் முன்கதவைப் பிடித்து இழுக்கிறார், திறக்கவில்லை. "பின் இருக்கையில் அமரவும்" என்று ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது.

"யாரு நீ? முப்பத்தொரு வருஷமா முன்சீட்டுல உக்காந்தவன்டி நான்!"

"பின் இருக்கையில் அமரவும்."

"தாத்தா, டீச்சர் மாதிரி பேசுறாங்க, உக்காந்துடுங்க" என்றாள் தாவ்தாவ். கடைசியில் ஸ்டியரிங்குக்கு நேர் பின்னால், இடது ஜன்னலோரம் உட்கார்ந்தார், எட்டிப் பிடிக்க வசதியாக. நடுவில் குழந்தை, வலது பக்கம் நான். மூன்று பேரும் பெல்ட் போட்டபிறகுதான் நகர்ந்தது.

அவர் வாய் ஓயவில்லை. "மஞ்சள் விளக்குக்கே நிக்குது பாரு. எருமை இதவிட வேகமாப் போகும்." எனக்கும் உள்ளூர உதறல்தான். காலியான சீட்டுக்கு முன்னால் ஸ்டியரிங் தானாகத் திரும்பும்போது பார்க்கவே முடியவில்லை, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எங்கள் எதிரே ஒரு திரை. வண்டியைச் சுற்றி என்னென்ன இருக்கிறதோ எல்லாம் அதில் சின்னச் சின்ன பொம்மைகளாகத் தெரியும். தாவ்தாவுக்கு அழுகை மறந்துவிட்டது.

"தாத்தா, ஸ்கூட்டர் வருது!"

"எங்க? ஒண்ணும் இல்ல. பொய் சொல்லுது இந்தப் பெட்டி."

"அந்தப் பக்கம் தாத்தா!" அவள் அவர் மடிமேல் சாய்ந்து ஜன்னலைத் தொட்டுக் காட்டினாள். அவர் கழுத்தை முழுசாகத் திருப்பினார். ஸ்கூட்டர் அங்கேதான் இருந்தது.

"மழை. அதான்" என்றார்.

"தாத்தா, ஒரு ஆளு நடக்குறாரு!"

மறுபடி நேரே பார்த்தார், மறுபடி இல்லை என்றார், மறுபடி கழுத்தைத் திருப்பினார். ஆள் இருந்தான். நாலாவது தடவை அவர் இல்லை என்று சொல்லவில்லை. திரையைப் பார்ப்பார், ரோட்டைப் பார்ப்பார், பிறகு தலையைத் திருப்புவார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வண்டி சடாரென்று பிரேக் போட்டது. பெல்ட் நெஞ்சை அறுத்தது.

"பாத்தியா, பாத்தியா!" அவருக்குக் கோபத்தில் பழைய குரல் திரும்பிவிட்டது. "எதுக்கு நின்னுச்சு? ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல! நாந்தான் சொன்னேனே..."

இடது பக்கத்திலிருந்து எதிர்த்திசையில் ஒரு ஸ்கூட்டர் எங்கள் முகப்புக்கு முன்னால் வழுக்கிக்கொண்டு வந்தது. நீல மழைக்கோட்டு போட்ட பெண். காலிடுக்கில் ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தது, முதுகோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்று. அவள் தடுமாறிக் காலை ஊன்றி, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்து போனாள்.

அவர் கழுத்தைத் திருப்பி அவள் போன திசையையே பார்த்தார்.

"நான் பாத்தேன் தாத்தா. அவங்க ரொம்ப நேரமா வந்துக்கிட்டு இருந்தாங்க" என்றாள் தாவ்தாவ்.

அவர் மெல்ல வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்தார். மறுபடி பொத்தினார். பள்ளிக்கூடம் வரும்வரை இப்படியே பொத்துவதும் எடுப்பதுமாக, இடது கண்ணுக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று பார்த்துக்கொண்டே வந்தார். 

குழந்தையை உள்ளே விட்டுவிட்டு வந்தோம். கேட்டருகே மழையில் நின்றபடி ஹோங்குக்குப் போன் போட்டார். "வண்டி ரெடியானா நீயே எடுத்துக்க. பகலுக்கு வேற ஆளு பாரு... இல்லடா, காய்ச்சல் இல்ல. எனக்கு இடது பக்கம் தெரியல." அவ்வளவுதான். சுற்றி வளைக்கவில்லை, மழைமேல் பழி போடவில்லை. போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"தினமும் கத்துனேனேய்யா, இடது பக்கம் இடது பக்கம்னு! காது இருந்துச்சா உனக்கு?"

 எனக்கு அதற்குமேல் திட்ட மனசு வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. இரண்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. நடுரோட்டில், கொட்டும் மழையில் எனக்குக் கொலைப் பசி எடுத்தது.

மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போக அவரே, "கிழங்கைக் கூப்பிடு" என்றார். பின்சீட்டில் சமர்த்தாக உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுக்கொண்டார்.

டாக்டரம்மா சின்னப் பெண். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள். வலது பக்கப் புள்ளிக்கெல்லாம் டக் டக்கென்று அழுத்தினார். இடது பக்கப் புள்ளிகள் வந்து வந்து அணைந்தன, விரல் அசையவில்லை. கண் அழுத்த நோயாம், கிளாக்கோமா என்றாள். நேரே பார்ப்பது கடைசிவரை நன்றாக இருக்கும், ஓரத்திலிருந்துதான் தின்றுகொண்டு வரும். பரிசோதனை அட்டையில் கடைசி வரிசை வரைக்கும் படித்ததில் தப்பே இல்லை. போன பார்வை திரும்பாது, மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம்.

"எவ்வளவு நாளா இருக்கும்?" என்று கேட்டார்.

"மூணு வருஷம், நாலு வருஷம்கூட இருக்கலாம் ஐயா. உங்களுக்கே தெரியாமதான் குறையும்."

வெளியே வந்ததும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சொட்டு மருந்துப் பொட்டலம் மடியில். டாக்டரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத் தயாராக நின்றேன். அவர் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒரு நாளைக்கு இருபது சவாரி. நாலு வருஷம். ஒவ்வொரு சவாரியிலயும் இடது பக்கம் எத்தனை பேரு நடந்திருப்பாங்க, யின்தி? எத்தனை புள்ளைங்க?"

"எண்ணாதய்யா."

"யாரையும் கொல்லலையே?"

"கொல்லல."

"எனக்குத் தெரியாம...?"

"கொன்னிருந்தா நாலு வருஷமா போலீஸ் சும்மா இருக்குமா? கொல்லல. ஒருத்தரைக்கூட இல்ல."

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கத் தொடங்கியது. பிறகு, வூஹான்காரன் தொண்டை அல்லவா, வராந்தா முழுக்கக் கேட்கும்படி, "நான் யாரையும் கொல்லல!" என்று கத்தினார். மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.