மருமகன் படுத்திருந்த வார்டு

நாலு பேர் முன்னால் பேச வேண்டும் என்றாலே மேவிஸுக்குப் பயம். ஆனால் பாருங்கள், பிழைப்பே அதுதான். ஆஸ்திரேலியாவின் நடுப்பாலைவனத்து ஊரில், ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வரும் நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும் பூர்வகுடி மக்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று வகுப்பெடுக்கிறாள். அவளும் வார்ல்பிரி என்ற பூர்வகுடி இனத்துக்காரிதான். சிரித்துச் சிரித்துப் பேசுவாள். உள்ளே பயப்படுவது அவளுக்கு மட்டும் தெரியும்.

அன்றைக்கு ஏசி கெட்டுப்போய் வகுப்பறை வெந்தது.

"வார்டுலயே வச்சுக்கலாம் ஆன்ட்டி," என்றார் ஃபெர்கஸ். தலைமை நர்ஸ், அயர்லாந்துக்காரர். எல்லோரும் பின்னால் நடந்தார்கள். மேவிஸ் போகிறபோதே பேசினாள்.

"எங்கள்ல மாமியாரும் மருமகனும் ஒரே ரூம்ல இருக்கக் கூடாது. பேசக் கூடாது, பாக்கக் கூடாது, பேரைக்கூடச் சொல்லக் கூடாது. அது பகையில்ல, மரியாதை."

"என் மாமியாருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்," என்றாள் ஒரு நர்ஸ். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மேவிஸ் வார்டுக்குள் கால் வைத்தாள்.

ஜன்னலோரக் கட்டிலில் அவள் மருமகன் படுத்திருந்தான்.

தீவிர சிகிச்சையில் இருக்கிறான் என்றுதான் நினைத்திருந்தாள். காலையில் இங்கே மாற்றியிருக்கிறார்கள். யாரைப் படுக்க வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டாளா? ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள்! அவன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். இவள் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

வராந்தாவில் உட்கார்ந்து படபடப்பு அடங்குவதற்குள் ஃபெர்கஸ் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"கட்டில் காலி ஆன்ட்டி. ஊசியப் பிடுங்கிப் போட்டுட்டு ஓடிட்டாரு."

"ஓடல. எனக்கு வழி விட்டிருக்கான்," என்றாள் மேவிஸ். "மாமியா இருக்கற எடத்துல அவன் எப்படிப் படுத்திருப்பான்?"

அவன் இருதய வால்வு கிழிந்திருந்தது. எழுந்து நடக்கவே கூடாது என்றிருந்தார்கள். சாயங்கால விமானத்தில் அறுவை சிகிச்சைக்கு அடிலெய்டு போக வேண்டியவன், மண்டையைப் பிளக்கும் வெயிலில் எங்கே போய் விழுந்தானோ? வீட்டில் மகள் நிறைமாதம்.

"வாங்க, தேடலாம்!" என்றார் ஃபெர்கஸ்.

"ஐயோ, நான் வந்தா இன்னும் தூரம் போவான். நீங்க ஓடுங்க!"

கொஞ்ச நேரத்தில் ஃபெர்கஸ் போன் செய்தார். ஆஸ்பத்திரிக்கு எதிரே, வறண்ட ஆற்று மணலில், மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறானாம். "உதடெல்லாம் நீலமா இருக்கு. கூப்பிட்டா தலையக் குனிஞ்சுக்கறாரு, வர மாட்டேங்கறாரு."

"அந்தக் கிழவி கெளம்பிப் போயிட்டான்னு சொல்லுங்க."

"நீங்க இன்னும் போகலையே?"

"இதோ போறேன்யா, சொல்லித் தொலைங்க!"

பின்வாசல் சந்து வழியாக ஓடினாள். பாதி தூரம்கூடப் போகவில்லை, சக்கர நாற்காலிச் சத்தம் அந்தச் சந்துக்குள்ளேயே வந்தது. திரும்ப நேரமில்லை. அழுக்குத் துணிக் கூடைகளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக் குந்தி, பாவாடையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள்.

சக்கரம் நெருங்கியது. ஃபெர்கஸ் மூச்சிரைப்பது கேட்டது. இன்னொரு மூச்சு கேட்கவில்லை. அவன் செத்திருந்தால் அவள் திரும்பிப் பார்க்கலாம். உயிரோடு இருந்தால் பார்க்கக் கூடாது. கழுத்தைத் திருப்பவும் பயம், திருப்பாமல் இருக்கவும் பயம். மகளிடம் என்ன சொல்வாள்? நான்தான் உன் புருஷனை வெயிலுக்கு விரட்டினேன் என்றா?

கூடைகளுக்குப் பக்கத்தில் சக்கரம் நின்றது.

"தம்பி, ஏதாவது வேணுமா?" என்றார் ஃபெர்கஸ்.

மேவிஸ் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள்.

"டீ," என்றது ஒரு கிணற்றுக் குரல். "சக்கர நெறய."

சக்கரம் மறுபடி உருண்டது. மேவிஸ் சுவரைப் பார்த்தபடியே, சத்தம் வெளியே வராமல் பாவாடையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.