வாப்பாவின் வெள்ளிப் பூச்சு

எங்கள் கார் ஓடிய நாட்களைவிட நின்ற நாட்களே எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. தென்னங்கிடுகுக் கொட்டிலுக்குள் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பின்னேரங்களில் கடற்காற்று கிடுகை அசைக்க, வெயில் துண்டு துண்டாக அதன் முதுகில் நீந்தும். நான் பின்சீட்டில் படுத்துக்கொண்டு, கார் எங்கேயோ தூரமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். எஞ்சின் சத்தத்துக்குச் சாய்ந்தமருதுக் கடலின் இரைச்சலே போதுமானதாக இருந்தது.

அது எண்பதுகளின் தொடக்கம், எனக்கு எட்டு வயதிருக்கும். எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். என் அக்கா, ராத்தாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை பொத்துவிலைச் சேர்ந்த விஞ்ஞான ஆசிரியர். அவருடைய ஆட்கள் எதையெல்லாம் உற்றுப் பார்ப்பார்களோ என்ற பயத்தில் வாப்பா கேற்றுக்கும் ஜன்னல் கம்பிகளுக்கும் வெள்ளிப் பெயின்ட் பூசினார். பெயின்ட் மிஞ்சிவிட்டது. மிஞ்சியதை வீணாக்குவது பிடவைக்கடை நடத்திய மனிதருக்கு ஒத்துவராத காரியம். கார் பொனற்றைத் திறந்து, உள்ளே கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றி, கை எட்டிய இடமெல்லாம் வெள்ளி பூசி, திரும்பவும் பூட்டினார். கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் பொனற்றைத் திறந்து பார்க்கவில்லை. வாப்பாவே திறந்து காட்டினார்.

அதற்குப் பிறகுதான் கார் படுத்துக்கொண்டது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டிய சின்னச் சிவப்பு லைற் அணையாமல் எரிந்தது. பெற்றரிக்குக் கரண்ட் ஏறவில்லை என்பதே அதன் பொருள். கல்முனைக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வந்தால் இரண்டு மூன்று தரம் ஸ்டார்ட் ஆகும், பிறகு பழையபடி மௌனம். வாப்பா ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு நோய் சொன்னார். பெற்றரி பழசு என்றார், புதிது வாங்கினார். உப்புக்காற்று என்றார், சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினார். கடைசியில் கண்ணூறு பட்டதென்று முடிவாகிவிட்டது. உம்மா செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துப் பொனற்றைச் சுற்றி அடுப்பில் போட்டா. கலியாணத்தன்று பொனற்றுக்குள் பார்த்த கண்கள் யாருடையவை என்பது ராத்தாவின் மாப்பிள்ளையான மச்சானுக்கும் தெரியும். அவர் பின் விறாந்தையில் இருந்து இருமிக்கொண்டார்.

வாப்பாவும் மச்சானும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. சண்டை ஒன்றுமில்லை, மரியாதைதான். மாமனார் முன் விறாந்தையில் என்றால் மருமகன் பின் விறாந்தையில். இங்கேயிருந்து அங்கே சொல்ல வேண்டியதை நான்தான் கொண்டுபோவேன். வழியில் என் சொற்கள் சிலவும் சேர்ந்துகொள்ளும்.

கார் நின்றதை முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ராத்தா மாசமாகி, நாள் கிட்டியபோதுதான் வீடு பயந்தது. மருத்துவிச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “புள்ள குறுக்கால கிடக்கு. வலி கண்டா மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கே கொண்டு போயிருங்க, சுணங்கக்கூடா” என்று உம்மாவிடம் சொன்னா. அன்றிலிருந்து உம்மா தொழுகைப் பாயில் கூடுதல் நேரம் இருந்தா. வாப்பா காலையில் ஒருதரம் மாலையில் ஒருதரம் எஞ்சின் பெல்ட்டை இறுக்கினார். ராத்தா மட்டும் வயிற்றில் கைவைத்தபடி கொட்டில் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பா. அந்தப் பார்வையைக் கண்டால் எனக்கு அழுகை வரும்.

ஒருநாள் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்த மச்சான், வாப்பா கடையில் இருந்த நேரம் பார்த்து, பொனற்றைத் திறந்தார். அவர் கையில் இரண்டு வயர் கட்டிய ஒரு சின்ன பல்ப் இருந்தது. தன் வாப்பாவின் லொறியோடு வளர்ந்தவர் அவர். ராத்தா ஸ்டார்ட் பண்ணத் திறப்பை எடுத்து வந்து, வயிறு ஸ்டியரிங்கில் இடிக்க, வாப்பாவின் சீட்டில் ஏறி உட்கார்ந்தா. அந்தச் சீட்டில் ஒரு பெண் இருந்ததை அன்றுதான் கண்டேன். அன்றைக்குத்தான் சார்ஜ் ஏற்றி வந்த பெற்றரி, எஞ்சின் உடனே உறுமியது. கொட்டில் முழுக்கப் புகையும் மாலை வெயிலும் கலந்து மஞ்சளாக மிதந்தது. ராத்தா அந்த மஞ்சளுக்குள் எங்கேயோ பயணம் போகிறவளைப்போலச் சிரித்துக்கொண்டிருந்தா.

“இதப் புடிங்க” என்று மச்சான் பல்பை என் கையில் தந்தார். ஒரு வயரை டைனமோவின் முனையில் வைத்து, மற்றதை எஞ்சினில் பூச்சுப் படாத ஓர் ஆணியில் தொட்டார். என் உள்ளங்கைக்குள் பல்ப் எரிந்தது. ராத்தா எஞ்சினை ஏற்ற ஏற்ற அதுவும் வெளிச்சமானது. “டைனமோ நல்லம்” என்றார். பிறகு ஆணியில் தொட்ட வயரை எடுத்து, ஓரத்தில் இருந்த, கரண்டைச் சீராக்கும் கறுப்புப் பெட்டியிலிருந்து வந்து கார் உடம்பில் பூட்டியிருந்த வயரின் நுனியில் வைத்தார். பல்ப் செத்துவிட்டது.

“ஏன் மச்சான்?”

“போற கரண்ட் திரும்பி வாறதுக்கு வழியில்ல. இடையில அடைச்சுக் கிடக்கு.”

“என்ன அடைச்சிருக்கு?”

அவர் அந்த வயரைப் பூட்டியிருந்த ஆணியைச் சுற்றி நகத்தால் சுரண்டினார். நகத்தில் வெள்ளி ஒட்டியது. ராத்தா சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “வாப்பா பூசினதா?” என்றா. “மெல்லக் கதைங்க” என்றார் மச்சான்.

எஞ்சினை நிறுத்தச் சொல்லி, ஆணியைக் கழற்றினார். ஒரு சின்னக் கத்தியை என்னிடம் தந்து, “இந்த இடத்தில ஒரு பிறை கீறுங்க பாப்பம்” என்றார். வாப்பாவின் பூச்சில் கீறுவதற்கு ஒரு பெரிய ஆளே அனுமதி தருவது எனக்குப் பெருநாள்போல இருந்தது. பிறை கோணலாகி, கொழுத்து, முழுநிலாவுக்குக் கிட்ட வந்துவிட்டது. இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் அவர் வயரை அதில் வைத்து ஆணியைப் பூட்டினார். ராத்தா மறுபடி ஸ்டார்ட் பண்ணினா.

“நூந்திட்டு” என்றா ராத்தா. சிவப்பு லைற் அணைந்ததைத்தான். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தா.

கடைக்கு ஓடப்போன என்னை மச்சான் பிடித்து நிறுத்தினார். “வாப்பா வந்ததும் சொல்லுங்க, அவரு காலையில இறுக்கின பெல்ட்டால சரியாகிட்டு எண்டு.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனாலும் கொண்டுபோகச் சொன்னதைக் கொண்டுபோவதுதானே என் வேலை, அப்படியே ஒப்புவித்தேன். வாப்பா பொனற்றைத் திறந்தார். பெல்ட்டைப் பார்த்தவர், ஓரத்தில் என் கோணல் பிறை இருந்த பக்கத்தை நிறைய நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பின் விறாந்தைக்கும் கேட்கும்படியாக, “நான் அப்பவே சொன்னேனே, பெல்ட்தான்” என்றார். மறுநாள் கடைத்தெரு முழுவதற்கும் சொன்னார். என் மனம் ஆறவேயில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சோறு போடும் நேரத்தில் ராத்தாவுக்கு வலி கண்டது. கார் தொட்டதும் ஸ்டார்ட் ஆனது. உம்மா ராத்தாவை அணைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினா. சாரதிச் சீட்டில் இருந்த வாப்பா, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். மச்சானுக்கு முன்னால் போய் நின்று, என்னைத் தேடாமல், அவருடைய முகத்தைப் பார்த்தே சொன்னார்:

“மகன், நீங்க ஓட்டுங்க.”

மச்சான் சாரதிச் சீட்டில் ஏறினார். வாப்பா சுற்றிவந்து பக்கத்துச் சீட்டில் அமர்ந்தார். பகல் வெயிலில் தெருமணல் எழும்பி அடங்க, கார் மட்டக்களப்புப் பக்கம் போய் மறைந்தது.

ராத்தாவும் பிள்ளையும் சுகமாகவே திரும்பி வந்தார்கள். ஆனால் அன்று கேற்றடியில் நின்ற எனக்கு மனம் பாரமாக இருந்தது. இத்தனை காலம் கார் ஓட்டிய வாப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது என்றே அந்த வயதில் நான் நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து, உன் வாப்பா ஏன் ஓட்டவில்லை என்று கேட்டார்கள். கையில் சுளுக்கு என்று சொல்லிவைத்தேன்.